வீட்டுக் கூடத்துக்கு ஏற்ற ஒலிபெருக்கி



தீபாவளி நெருங்கும் வாரங்களில் தம்போயில் உள்ள பிளாசா அங்சானாவுக்கோ, அக்கம்பக்கத்து இரவுச் சந்தைக்கோ போய் வருகிறவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். மின்சாதனக் கடையின் முன்னால் கறுப்பு நிறப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து எழும் ஒலி நம் நெஞ்சில் வந்து இடிக்கும். அட்டையில் 'ஹோம் தியேட்டர்' என்றும், '5.1' என்றும், ஆயிரக்கணக்கில் வாட் என்றும் எழுதியிருக்கும். கூட வந்த பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். வீட்டுத் தலைவரோ சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இந்தப் பெட்டிகளில் எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்பதே இன்றைய பேச்சு. கூலாய், உலு திராம் பக்கம் இன்னும் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களையும், தோட்டத்தை விட்டு வந்து தம்போயிலும் ஸ்கூடாயிலும் தாமான் வீடுகளிலோ அடுக்குமாடியிலோ குடியேறிய குடும்பங்களையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 850 வெள்ளிக்கு ஓர் ஒலிக்கருவி வாங்கினால், அந்தச் சம்பளக்காரர் அரை மாதம் உழைத்த காசு அதில் போய்விடுகிறது. ஆகவே இது விளையாட்டான செலவு அன்று.

முதலில், சூழ்ந்து ஒலிப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. விடியுமுன் தலைவிளக்கோடு மரங்களுக்கிடையே நிற்கிறீர்கள். விளக்கு வெளிச்சம் படுவது முன்னாலுள்ள ஒரு மரத்தின் மேல் மட்டும்தான். இடப் பக்கம், சற்றுப் பின்னால், சருகில் ஏதோ சரசரக்கிறது. திரும்பிப் பார்க்கும் முன்னமே அது எந்தத் திசை என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி? இடப் பக்கத்து ஒலி இடக் காதுக்கு முதலில் போகிறது. வலக் காதுக்குச் சற்றுப் பிந்திப் போகிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் பாய்கிறது. நம் இரு காதுகளுக்கும் இடையே ஒரு சாணுக்குக் குறைவான தூரம்தான். அப்படியானால் இரு காதுக்கும் உள்ள நேர வேறுபாடு ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இராது. அந்த நுண்ணிய வேறுபாட்டை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது.

திரையரங்கில் செய்வதும் இதுதான். நம்மைச் சுற்றிப் பல இடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்து, எந்த ஒலி எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து வரச் செய்கிறார்கள். 1940-ஆம் ஆண்டிலேயே வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்துக்குப் பல ஒலிபெருக்கிகளை அரங்கில் வைத்துப் பார்த்தார்கள். செலவு மிகுந்ததால் அது பரவவில்லை. பிறகு ரே டால்பி என்ற பொறியியலாளர் 1965-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் டால்பி டிஜிட்டல் முறையும், 1993-இல் டி.டி.எஸ். முறையும் திரையரங்குக்கு வந்தன. தமிழில் கமல்ஹாசன் நடித்த 'குருதிப்புனல்' 1995-இல் டால்பி ஒலியோடு வெளிவந்தது. இன்று கைப்பேசியிலேயே 'டால்பி அட்மாஸ்' என்று எழுதி விற்கிறார்கள். அட்மாஸ் 2012-இல் வந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் முறை அது.

5.1 என்றால் என்ன? ஐந்து ஒலிபெருக்கிகள், அவற்றோடு தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டும் தனியே ஒரு பெட்டி. அந்தத் தனிப் பெட்டியைத்தான் '.1' என்று குறிக்கிறார்கள். கடையில் அதைச் 'சப்வூஃபர்' என்பார்கள். ஐந்தில் இரண்டு, தொலைக்காட்சிக்கு இடமும் வலமும் இருக்க வேண்டியவை. இரண்டு, நாம் உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால் இருக்க வேண்டியவை. மீதி ஒன்று, தொலைக்காட்சிக்கு நேர் கீழேயோ மேலேயோ நடுவில் இருப்பது. இந்த நடுப் பெட்டியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பார்வைக்கு அது சிறியது, அதிர்வதும் இல்லை. ஆனால் 5.1 முறையில் பதிவான படங்களில் கதாபாத்திரங்கள் பேசும் பேச்சில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. சூழ்ந்து நிற்கும் மற்றப் பெட்டிகள் மழையையும், கூட்டத்தின் இரைச்சலையும், பின்னணி இசையையும் கொண்டுவருகின்றன. நடுப் பெட்டி கதையைக் கொண்டுவருகிறது.

தோட்டத்துத் திடலில் படம் காட்டிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி. கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி ஒன்று. பாய் விரித்து உட்கார்ந்தவர்களும் தூரத்தில் நின்றவர்களும் வசனத்தில் ஒரு சொல் விடாமல் கேட்டு, மறுநாள் மரத்தடியில் அதை அப்படியே பேசிக் காட்டினார்கள். இத்தனைக்கும் அந்தக் கூம்பு தரமான கருவி என்று சொல்ல முடியாது. தாழ்ந்த ஒலி அதில் வரவே வராது. மத்தளம்கூடத் தகரத்தைத் தட்டியது போலக் கேட்கும். ஆனால் மனிதக் குரலில் சொல்லைச் சொல்லாகப் புரிய வைக்கும் பகுதி எதுவோ, அதை மட்டும் அது நன்றாக வீசியது. இன்று வீட்டில் மெல்லிய திரைத் தொலைக்காட்சி இருக்கிறது. படம் கண்ணாடிபோலத் தெரிகிறது. 'என்ன சொன்னான், என்ன சொன்னான்?' என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார். தட்டையான பெட்டியில் நல்ல ஒலிபெருக்கி வைக்க இடமில்லை. இருப்பதும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பேசுகிறது. ஆகவே குறைந்த பணத்தோடு கடைக்குப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது தெளிவான பேச்சை. அதிர்ச்சியும் சூழ்ச்சியும் அதற்குப் பிறகுதான். சூழ்ச்சி என்று நான் சொல்வது சூழ்ந்து வரும் ஒலியை. கடைக்காரரின் சூழ்ச்சிக்கு இனிமேல்தான் வருகிறேன்.

அட்டையில் எழுதும் வாட் கணக்கைப் பார்ப்போம். வாட் என்பது மின்திறனின் அளவு. 100 வாட் பெட்டி 10 வாட் பெட்டியைப் போலப் பத்து மடங்கு சத்தமாக ஒலிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். காதின் கணக்கு வேறு. திறனைப் பத்து மடங்கு கூட்டினால்தான் சத்தம் இரு மடங்காக நமக்குக் கேட்கும். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் சற்றுக் கூடியிருக்கிறதே என்று தோன்றும், அவ்வளவுதான். சிறிய கூடத்தில் செய்தி கேட்பதற்கும் நாடகம் பார்ப்பதற்கும் ஒரு வாட்டைச் சுற்றித்தான் செலவாகிறது. எஞ்சியது, படத்தில் வெடி வெடிக்கும் கண நேரத்துக்கான இருப்பு.

இன்னொன்று, வாட் கணக்கை எழுதும் முறையே பலவகை. 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருந்தால் அது தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும்; ஓரளவு நம்பலாம். 'பி.எம்.பி.ஓ.' என்று எழுதியிருந்தால் அதற்கு ஒழுங்கான அளவுமுறை கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கும் ஒலிபெருக்கி மேல் 3,000 வாட் என்று எழுதியிருப்பது இந்தக் கணக்கில்தான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. "தவுக்கே, இந்தப் பெட்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பின்னால் ஒட்டியுள்ள தாளில், கருவி சுவரிலிருந்து எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்று குறித்திருக்கும். வாளியில் ஊற்றிய தண்ணீரைவிட அதிகமாக வாளியிலிருந்து இறைக்க முடியாது அல்லவா? நல்ல நிறுவனங்களின் கருவிகளிலும் முன்பக்க எண் பின்பக்க எண்ணைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்; கண நேரத்து உச்சத்தை முன்னால் எழுதிவிட்டு, வழக்கமான பயன்பாட்டைப் பின்னால் எழுதுவார்கள். முன்னால் 400, பின்னால் 50 என்றால் அது உலக வழக்கம் என்று விட்டுவிடலாம். முன்னால் 5,000, பின்னால் 30 என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

கடையே இல்லாமல் விற்பவர்களும் உண்டு. வேனில் பெரிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்தில் வந்து, 'கிடங்கில் இரண்டு கூடுதலாக ஏற்றிவிட்டார்கள், பாதி விலைக்குத் தருகிறேன்' என்று சொல்லும் ஏமாற்று வேலை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அட்டையில் பெரிய விலை அச்சிட்டிருக்கும். பெட்டிக்குள் இருப்பது மலிவான, தரமற்ற ஒலிபெருக்கிதான். கனமாகத் தெரிவதற்காகக் கல்லை வைத்தும் விற்றிருக்கிறார்கள்.

சரி, உங்களிடம் 600 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் உள்ள மலிவான 5.1 தொகுப்பையும் அந்த விலைக்குக் காட்டுவார்கள். 'சவுண்ட் பார்' என்னும் நீளக் குழல் போன்ற பெட்டியையும் காட்டுவார்கள். முதலாவதில் ஆறு பெட்டிகள், இரண்டாவதில் ஒன்றோ இரண்டோ. எண்ணிப் பார்த்தால் முதலாவது லாபம் போலத் தெரியும். ஆனால் ஒரே தொகையை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் தரமும் குறையாமல் என்ன செய்யும்? மேலும், பின்பக்கத்துப் பெட்டிகளை எங்கே வைப்பீர்கள்? நம் வீட்டுக் கூடங்களில் நாற்காலி சுவரை ஒட்டியே கிடக்கும். அதற்குப் பின்னால் இடமே இல்லை. கம்பியை வாசற்படி வழியாக இழுக்க வேண்டும். தடுக்கி விழும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசியில் ஐந்து பெட்டிகளையும் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே வரிசையாக அடுக்கிவிட்டு, 'ஹோம் தியேட்டர்' வைத்திருக்கிறோம் என்கிறோம். பின்னால் கேட்க வேண்டிய மழை, முன்னாலேயே பெய்துகொண்டிருக்கும்.

நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துப் படங்கள் ஒரே வழி ஒலியாகப் பதிவானவை. அவற்றை ஆறு பெட்டியில் போட்டாலும் ஒரே ஒலியைத்தான் ஆறு இடங்களில் கேட்பீர்கள். கைப்பேசியில் எடுத்துத் திரையில் போடும் காணொளிகளும், தொலைக்காட்சித் தொடர்களில் பலவும், இடம்–வலம் என்னும் இரண்டு வழி ஒலிதான். உண்மையான 5.1 ஒலி புதிய படங்களிலும், சந்தா கட்டிப் பார்க்கும் சில இணையச் சேவைகளிலும் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அப்படிப்பட்ட படம் பார்ப்பீர்கள். மற்ற ஆறு நாளும் செய்தி, தொடர், பாட்டு. ஆறு நாளைக்கு உதவுவதை வாங்குவதே முறை என்பது என் கருத்து. அந்த 600 வெள்ளிக்கு, நடுவில் பேச்சுக்கென்று தனி ஒலிபெருக்கி உள்ள சவுண்ட் பாரைத் தேடுங்கள். அட்டையில் '3.1' என்று குறித்திருந்தால் இடம், வலம், நடு ஆகிய மூன்றும், தாழ்ந்த ஒலிப் பெட்டியும் உண்டு என்று பொருள். '2.1' என்றால் நடு இல்லை. பின்பக்கப் பெட்டிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ள வசதியுள்ள கருவிகளும் இருக்கின்றன; இடமும் காசும் வரும்போது சேர்க்கலாம்.

பழைய சாமான் வாங்கத் தயங்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நல்ல நிறுவனத்தின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் மரப் பெட்டி ஒலிபெருக்கி இரண்டும் கிடைத்தால், புதிய மலிவுத் தொகுப்பு எதுவும் பாட்டில் அதற்கு ஈடாகாது. ஒலிபெருக்கியின் முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள மெத்து விளிம்பைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அது பொடிந்து போயிருக்கும். பொடிந்திருந்தால் வேண்டாம்.

இனி, கடையில் சோதிப்பது எப்படி? கடைக்காரர் தாமே ஒரு பாட்டைப் போடுவார். அந்தக் கருவியில் எது நன்றாகக் கேட்குமோ அதைத்தான் போடுவார். நீங்கள் வீட்டிலிருந்தே ஒரு படத்துண்டைக் கைப்பேசியிலோ சிறு பென்டிரைவிலோ கொண்டுபோங்கள். சண்டைக் காட்சி வேண்டாம். இரண்டு பேர் மெதுவாகப் பேசுவதும், பின்னால் இசையோ மழையோ இருப்பதுமான காட்சி வேண்டும். சத்தத்தை வெகுவாகக் குறைத்து வைத்துக் கேளுங்கள். சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா? திரைக்கு நேராக நின்று ஒரு முறை, ஓரமாக நின்று ஒரு முறை கேளுங்கள். வீட்டில் எல்லாருக்கும் நடு இடம் கிடைக்காதே. பாட்டியையும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது. வயது ஏறும்போது முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்து ஓசை காதில் விழும், மெய்யெழுத்து நழுவிவிடும். 'படம்' என்றதும் 'தடம்' என்றதும் ஒன்றாகவே கேட்கும். புல்வெட்டும் இயந்திரத்தோடும் ஆலை இரைச்சலோடும் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு இது இளமையிலேயே வந்துவிடுவதுண்டு. சில கருவிகளில் பேச்சை மட்டும் உயர்த்திக் காட்டும் பொத்தான் இருக்கிறது. இரவுக்கென்று தனிப் பொத்தானும் உண்டு. அது வெடிச் சத்தத்தை அடக்கி, முணுமுணுப்பை உயர்த்தும். மூத்தவர்கள் உள்ள வீட்டுக்கு இந்த இரண்டு பொத்தான்களும் ஆயிரம் வாட்டைவிடப் பெறுமானமுள்ளவை.

அண்டை வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்து வீட்டுக்கு நடுவில் பலகைத் தடுப்பு. தாமான் வரிசை வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அடுக்குமாடியிலோ நம் தரை கீழ்வீட்டாரின் கூரை. உயர்ந்த ஒலியைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. நொடிக்கு 40 அதிர்வு உள்ள ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம், அதாவது நம் கூடத்தைவிட நீளம். அது சுவரையும் தரையையும் அதிர வைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். உங்கள் வீட்டில் இனிய இசையாகக் கேட்பது அடுத்த வீட்டில் 'தும், தும்' என்று மட்டும் கேட்கும். அங்கே இரவு வேலை முடித்து, அல்லது அதிகாலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போக வேண்டியவர் படுத்திருக்கக்கூடும். தாழ்ந்த ஒலிப் பெட்டியைப் பொதுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மூலையிலும் வைக்காதீர்கள், மூலை அந்த ஒலியை மேலும் பெருக்கும். பெட்டிக்குக் கீழே தடித்த ரப்பர்த் துண்டு வைத்தால் தரை அதிர்வு குறையும். ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது. ஆதலால் அதைக் கூடத்தின் முன்பகுதியில் எங்கு வசதியோ அங்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுத்தரையும் வெறுஞ்சுவரும் உள்ள கூடத்தில் ஒலி எதிரொலித்துச் சொற்களைக் குழப்பும். ஒரு பாய், கனமான திரைச்சீலை, துணி போட்ட நாற்காலி ஆகியவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு 100 வெள்ளி செலவழித்தால், கருவியில் 300 வெள்ளி கூடுதலாகப் போட்ட பலன் சில வீடுகளில் கிடைத்துவிடுகிறது.

வாங்கிய கருவியைத் தொலைக்காட்சியோடு இணைக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். தொலைக்காட்சியின் பின்னால் உள்ள எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் அருகில் மட்டும் 'ஏ.ஆர்.சி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். கம்பியை அதில்தான் செருக வேண்டும்; வேறு துளையில் செருகினால் தொலைக்காட்சியின் ஒலி கருவிக்கு வராது. பழைய தொலைக்காட்சியாக இருந்து அது இல்லையென்றால், ஒளி வழியாக ஒலியை அனுப்பும் 'ஆப்டிக்கல்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் முன்னமே தொலைக்காட்சியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் கடையில் வீண் குழப்பம் இராது. கம்பியில்லா புளூடூத் வழியாகவும் இணைக்கலாம். ஆனால் வாய் அசைந்த பிறகு குரல் வருவதுபோல் சில கருவிகளில் பிந்திக் கேட்கும்.

தவணைக்கு வாங்குவதாக இருந்தால் மாதத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். 1,200 வெள்ளி விலையுள்ள கருவிக்கு மாதம் 65 வெள்ளி வீதம் 24 மாதம் என்றால் கேட்க இலேசாக இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 1,560 வெள்ளி. கூடுதலாகப் போன 360 வெள்ளி, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகியிருக்கும். கையிலுள்ள 600 வெள்ளிக்குச் சிறியதை ரொக்கமாக வாங்குவது மேல்.

ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். மின்கருவியில் சிரிம் அடையாள வில்லை இருக்க வேண்டும். பழுதான பொருளைக் கடை மாற்றித் தர மறுத்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்றாண்டுக்குள் செய்ய வேண்டும். ரசீது கொடுக்காத இடத்தில் வாங்கினால் இந்த வழியை நாமே கடினமாக்கிக்கொள்கிறோம்.

இடி மின்னலுக்குப் பேர் போன நாடு நம்முடையது. ஜொகூரில் மாலை மழை இருட்டிக்கொண்டு வரும்போது, பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. சுவரிலிருந்து பிளக்கையே கழற்றிவிடுங்கள். கூரையிலிருந்தோ வானலைத் தட்டிலிருந்தோ தொலைக்காட்சிக்கு வரும் கம்பியையும் உடன் கழற்றுங்கள். மின்னல் அந்தக் கம்பி வழியாக இறங்கினால், தொலைக்காட்சியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி மூலம் புதிய கருவிக்கும் போய்விடும்.